காது ஊசி போதையை விடுவிக்குமா?

கேள்வி: மதிப்பிற்குரிய டாக்டர் ஐயா, லோடு ஆட்டோ ஓட்டும் என் தம்பி, முதுகுவலிக்கென்று வாங்கத் தொடங்கிய டேபென்டடால் மாத்திரைக்கு அடிமையாகிவிட்டான். மாத்திரை கிடைக்காத நாளில் ஓயாமல் கொட்டாவி விடுகிறான். கண்ணும் மூக்கும் ஒழுகுகின்றன. விடியும்வரை காலை உதறுகிறான். காதில் அக்குபங்சர் ஊசி குத்தினாலே மூளை சரியாகிவிடும், வேறு மருந்து தேவையில்லை என்கிறார்கள். நம்பலாமா?
– ஒரு சகோதரி, அம்பாசமுத்திரம்

பதில்: சகோதரி, அந்தக் கொட்டாவியும் கால் உதறலும் நடிப்பல்ல, மாத்திரை வழியாக வெளியிலிருந்து வந்த ஓபியாய்டு, அதாவது அபினைப்போல் வலியை அடக்கும் பொருள், நின்றுபோனதால் உடல் படும் பாடு. நடுமூளையில், இன்பத்தையும் ஏக்கத்தையும் தூண்டும் டோபமைனைச் சுரக்கும் நரம்பணுக்களுக்கு ‘காபா’ என்னும் வேதிப்பொருள் கடிவாளமாக இருக்கிறது. மாத்திரை அந்தக் கடிவாளத்தைத் தளர்த்துவதால், நியூக்ளியஸ் அக்கம்பென்ஸ் என்ற பகுதியில் டோபமைன் பெருகுகிறது. மறுவீட்டு விருந்தில் இலை போடுவதற்கு முன்பே சொதியின் மணத்துக்கு நாவூறுகிறதல்லவா? அதுபோல, மாத்திரை வாங்கிய தெருமுனையைக் கண்டாலே உங்கள் தம்பியின் மூளை அதற்கு ஏங்கும்.

ஊசியின் கதை ஹாங்காங்கில் தொடங்கியது. அறுவைச் சிகிச்சையின்போது வலியைக் குறைக்க, ஊசி வழியே மெல்லிய மின்சாரம் செலுத்தும் மின் அக்குபங்சர் செய்துவந்த டாக்டர் வென், அபின் பழக்கமுள்ள நோயாளிகளின் தவிப்பும் அதனால் தணிவதைக் கண்டு, 1973இல் அதைப் பதிவுசெய்தார். விநாடிக்கு 2 முறை துடிக்கும் மின் தூண்டல் என்கெஃபலினையும், 100 முறை துடிப்பது டைனார்ஃபினையும் சுரக்கச் செய்வதாகப் பின்னர் பீஜிங்கில் ஹான் ஜிஷெங் குழுவினர் காட்டினார்கள். இவை உடலே தயாரிக்கும் ஓபியாய்டுகள். மனிதரின் மணிக்கட்டுப் புள்ளிக்கு இணையான இடத்தில் எலிகளைத் தூண்டியபோது, மார்ஃபின் என்ற ஓபியாய்டால் எகிறும் டோபமைனும் மட்டுப்பட்டது. ஆகவே ஊசி மூளையைத் தொடவே இல்லை என்று நான் சொல்லமாட்டேன்.

ஆனால் எலிக்கூண்டில் கண்டது அப்படியே வீட்டில் நடந்துவிடாது. அமெரிக்காவில் கொக்கெய்னுக்கு அடிமையான 620 பேரிடம் நடந்து, 2002இல் வெளியான ஆய்வில், உரிய காதுப் புள்ளிகளில் குத்தப்பட்டவர்களும், காதின் வேறிடத்தில் குத்தப்பட்டவர்களும், மனத்தைத் தளர்த்தும் காட்சிகளை மட்டும் பார்த்தவர்களும் ஏறத்தாழ ஒரே அளவில்தான் பழக்கத்தைக் குறைத்தார்கள். அது கொக்கெய்ன், இது ஓபியாய்டு என்பது உண்மையே. ஆனாலும் ‘ஊசி மட்டும் போதும்’ என்ற பேச்சை என்னால் ஏற்க முடியவில்லை.

தூக்கத்துக்கோ பதற்றத்துக்கோ, ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் புதிய ஊசியால், பயிற்சி பெற்றவரிடம் செய்துகொள்வதில் எனக்கு மறுப்பில்லை. அதற்கு முன், பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குத் தம்பியை அழைத்துச் செல்லுங்கள். புப்ரினார்ஃபின் போன்ற மருந்து தவிப்பையும் ஏக்கத்தையும் அடக்கும். எப்போது, எவ்வளவு என்பதை மருத்துவரே முடிவுசெய்யவேண்டும். இதைத் தம்பியிடமும் சொல்லிவையுங்கள்: சில வாரம் நிறுத்தியவரின் உடல் பழைய அளவைத் தாங்காது. அதே அளவை மறுபடி விழுங்கினால் மூச்சே நின்றுவிடக்கூடும். எழுப்பியும் எழாமல், உதடு நீலம் பாரித்து, மூச்சு மெதுவானால் உடனே 108ஐ அழையுங்கள்.