கணினியியல் படிப்பை விட்டுவிடலாமா?

வணக்கம் ஐயா,

அம்மா அனுப்பி வைத்துத்தான் உங்கள் கட்டுரைகளைப் படிக்கத் தொடங்கினேன். இந்த ஆகஸ்டில் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் கணினியியல் சேர்ந்திருக்கிறேன். ஜேசியில் (தொடக்கக் கல்லூரியில்) இயற்பியல், வேதியியல், கணிதம், பொருளியல்தான் எடுத்தேன். நிரல் எழுதிப் பழக்கமில்லை. என் ஸ்டூடியோ வகுப்பில் பாதிப் பேர் பாலிடெக்னிக்கில் மூன்று வருடம் இதையே படித்துவிட்டு வந்தவர்கள். ஒருவர் என்எஸ் (தேசிய சேவை) முடிப்பதற்குள் சொந்தமாக ஒரு ஆப் செய்து வெளியிட்டும் விட்டார்.

முதல் பாடத்தில் ஏதோ ஒரு குட்டி மொழியைச் சொல்லித் தருகிறார்கள். ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் லூப்கூட அதில் கிடையாது. எல்லாவற்றையும் ரிகர்ஷனில், அதாவது நிரல் தன்னையே மறுபடி அழைக்கும் முறையில், செய்யச் சொல்கிறார்கள். நான் இரவெல்லாம் உட்கார்ந்து எழுதுவதை ஏஐ பத்து விநாடியில் எழுதிவிடுகிறது. மாமா மகன் இதே படிப்பை முடித்துவிட்டு ஆறு மாதமாக வேலை தேடிக்கொண்டிருக்கிறார். கணக்கியல் எடுத்திருக்கலாமே என்று அப்பா தினமும் சாப்பிடும்போது சொல்கிறார். இப்போது பருவத்தின் நடுவில் வரும் ரெசஸ் வாரம், விடுமுறை. துறை மாறிவிடலாமா? நீங்கள் இந்தத் துறையில் வேலை பார்த்தவர் என்பதால் கேட்கிறேன். என் பெயரைப் போட வேண்டாம்.

முதலாண்டு மாணவி,
ஈசூன்

அன்புள்ள மாணவிக்கு,

இந்தப் பருவத்தோடு மாற வேண்டாம். ஆறு வாரம் ஓடியிருக்கிறது, அதுவும் ஒரே ஒரு பாடம்தான் உங்களைப் படுத்துகிறது. துறை மாறுவது பெரிய முடிவு. அதற்கு இந்த ஆறு வாரம் போதாது.

முதலில் அந்தக் குட்டி மொழி. அதன் பெயர் சோர்ஸ். ஜாவாஸ்கிரிப்ட் என்ற நிரல் மொழியிலிருந்து வேண்டியதை மட்டும் எடுத்து, பேராசிரியர் மார்ட்டின் ஹென்ஸும் அவருடைய மாணவர்களும் இந்தப் பாடத்துக்கென்றே உருவாக்கியது. உங்களுக்கு முன்னால் படித்தவர்கள் இதே பாடத்தை ஸ்கீம் என்ற இன்னொரு மொழியில் படித்தார்கள். 2012ல்தான் ஜாவாஸ்கிரிப்டுக்கு மாற்றினார்கள். சோர்ஸின் முதல் நிலையில் லூப் இருக்காது, மூன்றாம் நிலைக்குப் போகும்போது வரும். அதுவரை கையில் இருப்பதை வைத்தே சமாளிக்க வேண்டும். பைத்தானில் கை பழகிய பாலிடெக்னிக் மாணவரும் இங்கே தடுமாறுவார். அவர் பாட்டுக்கு லூப் போட்டு முடித்துவிட முடியாது, யோசித்தே ஆக வேண்டும். நிரலே எழுதாதவரையும் மூன்று வருடம் எழுதியவரையும் ஒரே கோட்டில் நிறுத்த இதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை. பழகியவர்கள் சில வாரம் முன்னால் ஓடுவார்கள், அது உண்மைதான். ஆனால் அந்த இடைவெளி நீங்கள் பயப்படும் அளவுக்கு நீடிக்காது.

ரிகர்ஷன் புரியவில்லை என்று நீங்கள் எழுதவில்லை. இரவெல்லாம் ஆகிறது என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். அந்த இரவில் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் பார்ப்போம். உங்கள் பாடத்திலும் இப்படி ஒரு கணக்கு வரும், நம்ம ஊர் நாணயத்தை வைத்தே சொல்கிறேன். 5 காசு, 10 காசு, 20 காசு, 50 காசு, ஒரு வெள்ளி என்று ஐந்து வகை நாணயம் வேண்டிய மட்டும் இருக்கிறது. ஒரு வெள்ளியை எத்தனை விதமாகக் கொடுக்கலாம்?

தாளில் பட்டியல் போடத் தொடங்கினால் இருபதாவது வரியில் குழம்பிவிடும். எதை எழுதினோம், எதை விட்டோம் என்று தெரியாது. பட்டியல் போடாமல் இப்படிக் கேட்டுப் பாருங்கள். எல்லா வழிகளையும் இரண்டு கூடையாகப் பிரித்தால் என்ன? ஒரு வெள்ளி நாணயத்தை ஒரு முறையாவது பயன்படுத்தும் வழிகள் ஒன்றில், அதைத் தொடவே தொடாத வழிகள் இன்னொன்றில். எந்த வழியும் இரண்டிலும் இருக்காது, எதுவும் விட்டும் போகாது. இரண்டாவது கூடையில் இருப்பது நான்கே வகை நாணயத்தில் அதே கணக்கு. அதை 50 காசை வைத்து மறுபடி இரண்டாகப் பிரிக்கலாம். 50 காசு ஒன்றைக் கொடுத்தாயிற்று என்றால் மிச்சம் 50 காசுக்கு அதே கேள்வி. கொடுக்கவில்லை என்றால் முழு வெள்ளிக்கும் சிறிய நாணயங்களை வைத்து அதே கேள்வி. ஒவ்வொரு தடவையும் ஒன்று தொகை குறைகிறது, அல்லது நாணய வகை குறைகிறது. அதனால் எங்கேயாவது நின்றுதான் ஆக வேண்டும். ரிகர்ஷன் என்பது இதுதான்.

எங்கே நிற்கிறது என்பதில்தான் பெரும்பாலான மாணவர்கள் தடுக்கி விழுகிறார்கள். தொகை கழிந்து மைனஸுக்குப் போய்விட்டால் வழி இல்லை, பூஜ்ஜியம். நாணய வகை தீர்ந்துபோய் தொகை மிச்சமிருந்தாலும் பூஜ்ஜியம். சரி, தொகை சரியாகப் பூஜ்ஜியம் ஆனால்? கொடுக்க ஒன்றுமில்லையே, பூஜ்ஜிய வழி என்று எழுதத்தான் கை போகும். அங்கே ஒன்று என்று எழுத வேண்டும். மேலே எடுத்த நாணயங்களால் கணக்கு மிச்சமில்லாமல் முடிந்துவிட்டது, ஒரு வழி கிடைத்துவிட்டது என்று அதற்கு அர்த்தம். அந்த ஒரு எழுத்தைப் பூஜ்ஜியமாக மாற்றிப் போட்டால், எவ்வளவு பெரிய தொகை கொடுத்தாலும் நிரல் பூஜ்ஜியம் என்றே சொல்லும். ஏன் அப்படி என்று நீங்களே கண்டுபிடித்த இரவு வீணான இரவு இல்லை. (விடை 50. கையால் சரிபார்த்துப் பாருங்கள், முடியும்.)

இதை ஏஐ பத்து விநாடியில் எழுதித் தரும், சரியாகவும் எழுதும். பல பத்தாண்டுகளாகப் பாடநூல்களில் இருக்கும் கணக்கு இது. கேள்வியை யாராவது கேள்வியாக எழுதிக் கையில் கொடுத்துவிட்டால் பாதி வேலை அங்கேயே முடிந்துவிடுகிறது. வெளியே வேலைக்குப் போனால் கேள்வி அப்படித் தயாராக வராது.

நீங்கள் ஈசூனில் ஏறி, பீஷானில் வட்டப் பாதை ரயிலுக்கு மாறி, கென்ட் ரிட்ஜில் இறங்குகிறவராக இருப்பீர்கள். அந்த வட்டப் பாதையில் 2016ல் என்ன நடந்தது என்று தெரியுமா? நீங்கள் அப்போது தொடக்கப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்திருப்பீர்கள். ஆகஸ்டில் தொடங்கி, ரயில்கள் திடீர் திடீரென்று அவசர பிரேக் போட்டு நின்றன. ஓட்டுநர் இல்லாத ரயில்கள் அவை. சமிக்ஞைத் தொடர்பு அறுந்தால் பாதுகாப்புக்காகத் தானே நின்றுவிடும். தொடர்பு ஏன் அறுகிறது என்றுதான் யாருக்கும் பிடிபடவில்லை. இந்த நேரம், இந்த நிலையம் என்று கணக்கே இல்லை. நவம்பரில் தொல்லை திரும்ப வந்தபோது அரசாங்கத் தொழில்நுட்ப அமைப்பான கவ்டெக்கின் தரவு அறிவியலாளர்கள் மூன்று பேரிடம் தரவு போய்ச் சேர்ந்தது. தேதி, நேரம், இடம், ரயில் எண், போகும் திசை, அவ்வளவுதான். கூடவே கேள்வி என்று ஒன்றும் வரவில்லை.

அவர்கள் முதலில் போட்ட வரைபடங்களில் ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் ஓர் அச்சில் நேரம், இன்னோர் அச்சில் நிலையங்கள் என்று வைத்து ஒவ்வொரு சம்பவத்தையும் ஒரு புள்ளியாகக் குறித்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ரயில் கால அட்டவணைக்குப் பயன்பட்ட மாரே வரைபடம் அது. அதில் புள்ளிகள் வரிசையாக நகர்ந்தன. ஒரு ரயில் பாதிக்கப்பட்டால், கொஞ்ச நேரத்தில் அதற்குப் பின்னால் வரும் ரயில் பாதிக்கப்பட்டது. அப்புறம் அதற்கும் பின்னால் வருவது. அப்போதுதான் அவர்களுக்கு அந்தச் சந்தேகம் வந்தது. எதிர்ப் பாதையில் ஒரு ரயில் போய்க்கொண்டே, கடந்து போகும் ரயில்களின் தொடர்பையெல்லாம் அறுத்துவிடுகிறதா?

சந்தேகம் வந்தால் மட்டும் போதாது, சோதிக்க வேண்டும். இரண்டு சம்பவங்களுக்கு நடுவே உள்ள நேரமும் தூரமும் ஒரு ரயில் போகும் வேகத்துக்குப் பொருந்தினால் அவை ஒரு ஜோடி. முதலாவதும் இரண்டாவதும் ஜோடி, இரண்டாவதும் மூன்றாவதும் ஜோடி என்றால் மூன்றும் ஒரே கூட்டம். இப்படிக் கூட்டம் சேர்க்க அவர்கள் எடுத்த கருவிக்கு யூனியன்-ஃபைண்ட் என்று பெயர். அடுத்த பருவத்தில் தரவுக் கட்டமைப்புப் பாடத்தில் நீங்கள் அதைப் படிப்பீர்கள். அதைப் போட்டுப் பார்த்ததில் ஏறக்குறைய முக்கால்வாசிச் சம்பவங்கள் அந்த ஒரே சந்தேகத்துக்குள் அடங்கின. பிறகு நிலையங்களின் காணொளிப் பதிவுகளைப் பார்த்து அந்த ரயில் எது என்று கண்டுபிடித்தார்கள். பிவி46. அதன் சமிக்ஞைக் கருவியில் இருந்த கோளாறுதான் மற்ற ரயில்களைத் தொல்லைப்படுத்தியிருக்கிறது.

யூனியன்-ஃபைண்டை எழுத இருபது வரிகூட வேண்டாம். இன்று அந்த வரிகளை நீங்கள் கையால் எழுதத் தேவையில்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ரயில் நிற்கிறது என்ற புகாரைக் கேட்டு, இது கூட்டம் சேர்க்கும் கணக்கு என்று ஒருவருக்குத் தோன்ற வேண்டுமே? எப்போதோ ஒரு இரவு அந்தக் கணக்கோடு மல்லுக்கட்டியவருக்குத்தான் அது தோன்றும். நான்கு வருடப் படிப்பில் நான் மதிப்பது இதைத்தான். எந்த மொழியில் படித்தோம் என்பது வேலைக்குச் சேர்ந்த ஓரிரு வருடத்தில் பொருட்டாக இருக்காது.

ஆகவே ஒரு வேண்டுகோள். வீட்டுப்பாடத்தின் முதல் முயற்சியில் ஏஐயைத் திறக்காதீர்கள். திணறுங்கள். தாளில் 20 காசுக்கு மட்டும் கணக்கை விரித்து எழுதிப் பாருங்கள். உங்கள் பாடத்தில் அவெஞ்சர் என்று சொல்லும் சீனியர்கள் இருக்கிறார்களே, அவர்களிடம் போய் எங்கே சிக்கிக்கொண்டேன் என்று சொல்லுங்கள். அவர்களில் பலரும் முதலாண்டில் இதே இடத்தில் சிக்கியவர்கள்தான். சொந்தமாக ஒன்று எழுதி முடித்த பிறகு ஏஐ எழுதியதையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள், அதில் நிறையக் கற்கலாம்.

வேலை விஷயத்தில் உங்கள் அப்பாவின் கவலையைத் தள்ளிவிட மாட்டேன். 2021ல் ஆள் கிடைக்கவில்லை என்று அலைந்த நிறுவனங்களில் பல 2022 இறுதியிலிருந்து ஆட்குறைப்பு செய்தன. புதிதாக வருகிறவர்களுக்கு முதல் வேலை முன்புபோல் சுலபமாகக் கிடைப்பதில்லை. உங்கள் மாமா மகனின் ஆறு மாதம் அவருடைய குறை இல்லை, வீட்டில் அப்படிப் பேச விடாதீர்கள். ஆனால் கணக்கியலுக்குப் போனால் இந்தக் காற்று அங்கே அடிக்காது என்று அப்பா நினைத்தால் அது சரியில்லை. விதிமுறைப்படி திரும்பத் திரும்பச் செய்யும் வேலை எந்தத் துறையில் இருந்தாலும் அதை ஏஐ தொடத்தான் செய்யும். கணினியியல் என்றால் பெரிய தொழில்நுட்ப நிறுவனம் மட்டும்தான் என்பதும் இல்லை. வங்கிகள், மருத்துவமனைகள், ஆளில்லா வண்டிகள் கொள்கலன் இழுக்கும் துவாஸ் துறைமுகம், மேலே சொன்ன எம்ஆர்டி ரயில் எல்லாமே இந்தப் படிப்பில் தேறியவர்களை நம்பித்தான் ஓடுகின்றன. இரண்டாம் வருடத்திலிருந்தே பயிற்சி வேலைக்கு விண்ணப்பியுங்கள், உங்கள் மாமா மகனையும் கலந்து பேசுங்கள். தேடி அலைந்தவருக்கு எந்த நேர்காணலில் என்ன கேட்கிறார்கள் என்று தெரிந்திருக்கும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல ஆசை. தமிழில் கடிதம் எழுதுகிற கணினியியல் மாணவி நீங்கள். 1995ல் சிங்கப்பூர்க் கவிதைகளை நான்கு மொழிகளிலும் இணையத்தில் ஏற்றியபோது தமிழும் அதில் இடம்பெற்றது. அதற்குப் பின்னால் உழைத்தவர்கள் நம்ம ஊர்ச் சிறுகதை எழுத்தாளர் நா. கோவிந்தசாமியும், உங்கள் பல்கலைக்கழகத்தின் டான் டின் வீயும். தமிழ் எழுத்தே திரையில் சரியாக வராத காலம் அது. கோவிந்தசாமி 1999ல் மறைந்துவிட்டார். அந்த வேலை இன்னும் முடியவில்லை. ஜாவாஸ்கிரிப்டில் ‘கொடி’ என்ற சொல்லின் நீளத்தைக் கேளுங்கள், 4 என்று சொல்லும். நாம் எண்ணினால் இரண்டெழுத்து. அதைத் தலைகீழாகத் திருப்பச் சொன்னால் குறிகள் எழுத்தைவிட்டுக் கழன்று வரும். இதையெல்லாம் கவனிக்கத் தமிழும் தெரிய வேண்டும், சோர்ஸ் பாடத்தில் நீங்கள் பழகும் பொறுமையும் வேண்டும். இரண்டும் உள்ளவர்கள் இந்தத் தீவில் நிறையப் பேர் இல்லை. நீங்கள் அந்தப் பக்கம் வந்தால் எனக்கு மிகுந்த சந்தோஷம்.

இப்போதைக்கு அப்பாவிடம் ஒரு வருடம் கேளுங்கள். முதல் வருடப் பாடங்களில் பலவற்றை வேறு துறைக்குப் போனாலும் கணக்கில் எடுத்துக்கொள்ள வாய்ப்புண்டு, அலுவலகத்தில் விசாரித்து அதையும் அவரிடம் காட்டுங்கள். தரவுக் கட்டமைப்புப் பாடம் முடியட்டும். அதற்குப் பிறகும் ஒரு கணக்கோடு தனியாக உட்காருவது உங்களுக்குச் சுமையாக மட்டுமே இருக்கிறது, ஒரு தடவைகூட விடை வந்தபோது மகிழ்ச்சி வரவில்லை என்றால் தயங்காமல் மாறிவிடுங்கள். மே மாதம் பரீட்சை முடிந்ததும் என்ன முடிவெடுத்தீர்கள் என்று எழுதுங்கள்.

அன்புடன்