வெளிக் கரண்ட் முடிந்த பிறகு உள் கரண்ட் எதற்கு?

கேள்வி: என் அம்மாவுக்கு 54 வயது. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய், 2பி நிலை என்கிறார்கள். 25 நாள் வெளியிலிருந்து கரண்ட், கூடவே வாரம் ஒரு கீமோ, அதற்குப் பிறகு 4 தடவை ‘உள் கரண்ட்’ என்று எழுதித் தந்திருக்கிறார்கள். வெளியில் கொடுப்பதே போதாதா? புரோட்டான் சிகிச்சை வந்திருக்கிறதே, அதற்குப் போகலாமா என்று உறவினர் ஒருவர் கேட்கிறார். உடம்புக்குள் வைத்தால் அம்மாவிடமிருந்து கதிர்வீச்சு வருமா? நான் 5 மாதக் கர்ப்பிணி. என் 3 வயது மகன் பாட்டி மடியை விட்டு இறங்க மாட்டான். நாங்கள் தள்ளியே இருக்க வேண்டுமா?
- ஒரு வாசகி

பதில்: உங்கள் கடைசிக் கேள்விதான் மனதை அதிகம் அரிக்கிறது என்று தெரிகிறது. அதையே முதலில் சொல்லிவிடுகிறேன். தள்ளி இருக்க வேண்டாம். சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்த அதே மாலையில் பேரன் பாட்டி மடியில் உட்காரலாம். நீங்களும் அம்மா பக்கத்தில் படுத்துத் தூங்கலாம்.

நாம் பேச்சுவழக்கில் கரண்ட் வைப்பது என்கிறோம். உண்மையில் அது கதிர்வீச்சு. வெளியிலிருந்து கொடுப்பதற்குப் பெரும்பாலும் லீனியர் ஆக்சிலரேட்டர் என்ற இயந்திரம் பயன்படுகிறது. மின்சாரத்தால் உண்டாக்கிய சக்திமிக்க எக்ஸ்-கதிரை அது பாய்ச்சுகிறது. ஸ்விட்சை அணைத்தால் கதிரும் நின்றுவிடும். விளக்கை அணைத்த அறையில் வெளிச்சம் மிச்சம் இருக்குமா? அப்படித்தான் இதுவும். சில ஊர்களில் கோபால்ட்-60 இயந்திரம் இருக்கும். அதிலும் கதிர் அம்மாவின் உடம்பில் தங்காது.

பிறகு ஏன் ஊரில் தள்ளி இருக்க வேண்டும் என்று சொல்கிறார்கள்? தைராய்டு புற்றுநோய்க்குக் கதிரியக்க அயோடினை வாய்வழியாகவே கொடுப்போம். அவர்கள் உடம்பிலிருந்து சில நாள் கதிர் வெளிவரும் என்பதால் தனி அறையில் வைப்போம், கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் விலகி இருக்கச் சொல்வோம். அந்த அறிவுரைதான் வாய்வழியாகப் பரவி எல்லோருக்கும் பொதுவாகிவிட்டது.

உங்கள் விஷயத்தில் நான் எச்சரிக்க வேண்டியது வேறு ஒன்று. வாராவாரம் ஏற்றும் கீமோ மருந்து, அநேகமாக சிஸ்பிளாட்டின், சிறுநீரிலும் வாந்தியிலும் வெளியேறும். மருந்து ஏறிய 2 நாட்களுக்கு அம்மாவின் வாந்திப் பாத்திரத்தையோ நனைந்த துணிகளையோ நீங்கள் தொட வேண்டாம். வீட்டில் வேறு யாராவது கையுறை போட்டுக்கொண்டு செய்யட்டும்.

சரி, உள் கரண்ட் எதற்கு? 2பி என்றால் நோய் கர்ப்பப்பை வாயைத் தாண்டிப் பக்கத்துத் திசுவுக்குள் போயிருக்கிறது. வெளிக் கதிர் இடுப்புப் பகுதி முழுவதையும், நெறிக்கட்டிகளையும் சேர்த்து, சுமார் 45 முதல் 50 கிரே (கதிரின் அளவைச் சொல்லும் அலகு) வரை கவனித்துக்கொள்ளும். ஆனால் கட்டியை வேரோடு அழிக்க, கட்டி இருக்கும் இடத்துக்கு மட்டும் 80 கிரேக்கு மேல் தேவை. அவ்வளவையும் வெளியிலிருந்து கொடுத்தால் முன்னால் இருக்கும் சிறுநீர்ப்பையும் பின்னால் இருக்கும் மலக்குடலும் சுற்றியுள்ள குடலும் தாங்காது.

அதனால்தான் கதிரைக் கட்டிக்குப் பக்கத்திலேயே கொண்டுபோகிறோம். மயக்கமோ முதுகில் மரப்பு ஊசியோ கொடுத்து, பிறப்புறுப்பு வழியாக மெல்லிய குழாய்களை வைத்து, அசையாமல் இருக்கத் துணி அடைப்போம். ஸ்கேன் எடுத்துக் கணக்குப் போட்ட பிறகு, அரிசி நொய் அளவே இருக்கும், கதிரை வெளிவிடும் இரிடியம்-192 என்ற உலோகத் துணுக்கு ஒரு கம்பியின் நுனியில் குழாய்க்குள் போகும். கணினி சொன்ன இடங்களில் சில சில விநாடி நின்றுவிட்டு, பெட்டிக்கே திரும்பிவிடும். இதற்குப் பெரும்பாலும் அரை மணி நேரம்கூட ஆகாது. துணுக்கு திரும்பிவிட்டதைக் கருவி வைத்துச் சரிபார்த்த பிறகுதான் குழாய்களை எடுப்போம். 1 செ.மீ. தூரத்தில் இருக்கும் வீச்சு 2 செ.மீ. போவதற்குள் ஏறக்குறைய நாலில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். கட்டிக்கு முழு அடி, குடலுக்குக் கொஞ்சம்தான். அது சுகமான நாளாக இருக்காது. மணிக்கணக்கில் மல்லாந்தே படுத்திருக்க வேண்டும், இடுப்பு வலிக்கும். வலி மருந்து கேட்டு வாங்கிக்கொள்ளத் தயங்க வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லுங்கள்.

புரோட்டான் சிகிச்சையும் வெளியிலிருந்து கொடுப்பதுதான், எக்ஸ்-கதிருக்குப் பதில் புரோட்டான் துகள்களைப் பாய்ச்சும். அது உள் கரண்டுக்கு மாற்று அல்ல. சென்னையில் 2019 முதல் இருக்கிறது. குழந்தைகளின் மூளைக் கட்டி போன்றவற்றில் அதன் பலன் பெரிது. அம்மாவின் நோய்க்கு அதைத் தேடி நாளைக் கடத்த வேண்டாம். வெளிக் கதிரிலேயே, இடத்துக்கேற்பக் கதிரின் வீச்சைக் கூட்டிக் குறைக்கும் ஐஎம்ஆர்டி முறை கிடைத்தால் குடல் தொந்தரவு குறையும், நல்லதுதான். கிடைக்காவிட்டாலும், இருக்கும் இயந்திரத்தில் குறித்த நாளில் தொடங்குவதே மேல்.

நான் பயப்படுவது ஒன்றுக்குத்தான். வெளிக் கதிர் தொடங்கி மூன்று நான்கு வாரத்தில் பெரும்பாலும் இரத்தப்போக்கு நின்றுவிடும். அம்மா சாப்பிடுவார், நடமாடுவார். “நல்லாத்தானே இருக்கேன், இனி எதுக்கு?” என்பார். அந்த இடத்தில் நிறுத்திவிட்டு, சில மாதம் கழித்து மறுபடி இரத்தப்போக்கோடு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அப்போது எங்கள் கையில் மிச்சம் இருக்கும் வழிகள் மிகக் குறைவு. வெளியும் உள்ளும் சேர்த்து மொத்தச் சிகிச்சையும் 8 வாரத்துக்குள் முடிய வேண்டும். திருவிழா, கல்யாணம் எதற்காகவும் இடையில் விட வேண்டாம்.

ஹீமோகுளோபினை வாராவாரம் பாருங்கள். இரத்தம் குறைந்தால் கட்டிக்குப் பிராணவாயு குறையும், கதிரின் வேலையும் மந்தமாகும். தேவைப்பட்டால் இரத்தம் ஏற்றுவார்கள். தண்ணீர் குடித்துவிட்டுச் சிறுநீரை அடக்கி வரச் சொன்னால் அப்படியே செய்யட்டும், நிறைந்த சிறுநீர்ப்பை குடலை மேலே தள்ளி வைக்கும். இடுப்பில் போட்ட மைக்கோட்டைத் தேய்த்துக் குளிக்க வேண்டாம். வயிற்றுப்போக்கும் சிறுநீர் எரிச்சலும் வரலாம். அன்றே சொன்னால் மாத்திரையில் அடங்கிவிடும்.

எல்லாம் முடிந்த பிறகு பிறப்புறுப்பு சுருங்கி ஒட்டிக்கொள்ள வாய்ப்பு உண்டு. அதைத் தடுக்க டைலேட்டர் என்ற சின்னக் கருவியைப் பழகச் சொல்வார்கள். பிற்காலத்தில் பரிசோதனை செய்வதற்கும் அது அவசியம். அம்மா கூச்சப்பட்டுக் கேட்காமல் விட்டுவிடுவார், நீங்கள் கேளுங்கள். முதல் உள் கரண்ட் எந்தத் தேதி என்பதையும் இப்போதே கேட்டுக் காலண்டரில் குறித்துவையுங்கள்.