கோர்ட்ல ரெண்டு கக்கூஸ் (கடிதமும் பதிலும்)

வணக்கம் அக்கா,
டெக்சாஸ்ல சட்டம் படிக்கிறேன். லத்தீனோ மக்களுக்குன்னு தனியா ஒரு சட்ட ஆய்வு எதுக்கு? கறுப்பின மக்கள் போராடி வாங்கின தீர்ப்புகளே எல்லாருக்கும் போதாதா? தீசிஸுக்கு எந்தப் பேராசிரியர்கிட்ட போகலாம்னும் சொல்லுங்க.
கதிர்

தம்பி கதிர்,

பேராசிரியர் விஷயத்த உங்க சீனியர்கிட்ட கேளுங்க. மத்த கேள்வியப் படிச்சதும் கோவம்தான் வந்துச்சு, ஏன்னா ஒரு வாரமா ஹெர்னாண்டஸ் கேஸ்தான் மண்டைக்குள்ள ஓடிட்டிருக்கு (மெக்சிகன் வம்சாவளிக்காரர் பீட் ஹெர்னாண்டஸ், தன் ஆளுங்க ஒருத்தர்கூட இல்லாத ஜூரி தன்னைக் குற்றவாளின்னு சொன்னதை எதிர்த்துப் போட்ட கேஸ்), நீங்க கேட்டதையே 1954ல டெக்சாஸ் அரசு சுப்ரீம் கோர்ட்ல நின்னு வாதமா வச்சுச்சு. சட்டத்து முன்னாடி எல்லாரும் சமம்னு சொல்ற அரசியலமைப்போட 14வது திருத்தம் வெள்ளை, கறுப்பு ரெண்டுக்குத்தான், மெக்சிகன்காரங்க வெள்ளைக் கணக்கு, ஜூரியிலயும் வெள்ளைக்காரங்கதானே இருக்காங்க, அப்புறம் என்ன குறைன்னு. கேஸ் நடந்த ஜாக்சன் கவுன்ட்டியில 14 சதவீதம் பேர் ஸ்பானிஷ் பேர்க்காரங்க, 25 வருஷத்துல ஒருத்தர்கூட ஜூரியில உக்காரல! அந்தக் கோர்ட்ல ஆம்பளைங்களுக்கு ரெண்டு கக்கூஸ். ஒண்ணுல எதுவுமே எழுதல. இன்னொண்ணுல 'கலர்ட் மென்', கூடவே 'ஓம்ப்ரேஸ் அக்கீ', ஆம்பளைங்க இங்கேன்னு ஸ்பானிஷ்ல. பேப்பர்ல வெள்ளை, ஒண்ணுக்குப் போக மட்டும் வேற கதவு. இத எந்தப் பழைய தீர்ப்புல தேடுவீங்க?

ஹெர்னாண்டஸோட வக்கீலுங்க கஸ் கார்சியா, கார்லோஸ் கடேனா ரெண்டு பேரும் வாதாடி, அந்தத் திருத்தம் மெக்சிகன்காரங்களுக்கும் பொருந்தும்னு ஒம்பது ஜட்ஜும் ஒருமனசா ஒத்துக்கிட்டாங்க. மே 3. பள்ளிக்கூடத்துல கறுப்பு, வெள்ளைன்னு பிரிக்கக் கூடாதுன்னு சொன்ன பிரவுன் தீர்ப்பு அதே வருஷம் மே 17. பிரவுன் எல்லாருக்கும் தெரியும், இது சட்டம் படிக்கிற உங்களுக்கே தெரியல பாருங்க. சட்டப் பேராசிரியர் மைக்கேல் ஒலிவாஸ் மாதிரி ஆளுங்க மெனக்கெட்டு எழுதினது இதுக்குத்தான்.

நான் ஒருதடவ ஜூரி ட்யூட்டிக்குப் போனப்ப பக்கத்துல ஒரு அம்மா, மடியில மடிச்சு வச்ச ஸ்வெட்டர். சாட்சி ஸ்பானிஷ்ல பேசுவார், இன்டர்ப்ரெட்டர் இங்கிலீஷ்ல சொல்றத மட்டும்தான் எடுத்துக்கணும், முடியுமான்னு வக்கீல் கேட்டார். அந்தம்மா கொஞ்சம் யோசிச்சுட்டு, முயற்சி பண்றேன்னாங்க. கடைசியில பேர் வாசிச்சப்ப அவங்க பேர் இல்ல, ஸ்பானிஷ்ல ஒரு வார்த்தை தெரியாத என் பேர் இருந்துச்சு. தாய்மொழி காதுல விழும்போது கேக்காம எப்டிப்பா இருக்கிறது? யோசிச்சு உண்மையச் சொன்னதுக்குத் தண்டனையா? 1991ல நியூயார்க்ல இருந்து போன இன்னொரு ஹெர்னாண்டஸ் கேஸ்ல, அப்படி விலக்குறது செல்லும்னு சுப்ரீம் கோர்ட்டே சொல்லிருச்சு. அந்தம்மா ஒண்ணும் பேசாம ஸ்வெட்டர எடுத்துட்டு எந்திரிச்சுப் போனாங்க, நான் அங்கயே உக்காந்திருந்தேன்.

தீசிஸ அந்த 1991 கேஸ்ல ஆரம்பிங்க தம்பி. முதல் அத்தியாயம் முடிச்சதும் அனுப்புங்க, படிக்கிறேன்.