மணம் தெரியாமல் சமைப்பது எப்படி?

கேள்வி: எனக்கு வயது 46. மூன்று மாதங்களுக்கு முன் கடுமையான சளி பிடித்தது. சளி போய்விட்டது, வாசனை மட்டும் திரும்பவில்லை. வெங்காயம் கருகுவதுகூடத் தெரிவதில்லை. நான் சமைப்பதில் உப்பு கூடிவிடுகிறது என்கிறார்கள் வீட்டில். நாக்கும் மரத்துவிட்டதா? பழையபடி சமைக்க முடியுமா?

பதில்: சர்க்கரை, உப்பு, எலுமிச்சைச் சாறு மூன்றையும் தனித்தனியாக நாக்கில் வைத்துப் பாருங்கள். பிரித்தறிய முடிந்தால் நாக்கு நலமாகவே இருக்கிறது. நாம் ருசி என்று சொல்வதில் பெரும்பங்கு மூக்கினுடையது. மென்று விழுங்கும்போது உணவின் மணம் தொண்டையின் பின்பக்கமாக மேலேறி மூக்கின் உச்சியைத் தொடுகிறது. வாடை அடிக்கும் மருந்தை மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிக்கிறோமே, அதன் காரணம் இதுதான். மிளகாய் உங்களுக்கு இன்னமும் உறைக்கும். அந்த எரிச்சலை மூளைக்குக் கொண்டுபோவது வேறு நரம்பு.

ருசி குறைந்ததை உப்பால் நிரப்பப் பார்க்கிறது உங்கள் கை. சில மாதங்களுக்குக் கைக்கணக்கை விட்டுவிட்டுக் கரண்டியால் அளந்து போடுங்கள். ரத்த அழுத்தம் உள்ளவர் வீட்டில் இருந்தால் இது மிக அவசியம். உங்கள் தட்டுக்கு மட்டும் கொஞ்சம் புளிப்பு, கொஞ்சம் காரம், கடிக்க மொறுமொறுப்பாக ஏதாவது சேர்த்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டில் பிடிப்பு வரும்.

வெங்காயத்துக்குக் காதைக் கொடுங்கள். ஈரம் இருக்கும்வரை வாணலியில் சத்தம் பலமாக இருக்கும். நீர் வற்ற வற்ற அது அடங்கும், ஓரங்கள் பொன்னிறமாகும். தீயைக் குறைக்க வேண்டிய நேரம் அதுதான். அடுப்பை விட்டு நகர்ந்தால் டைமர் வைத்துவிடுங்கள்.

இனி, நான் கவலைப்படும் விஷயம். சமையல் எரிவாயுவுக்கு இயல்பில் மணமே கிடையாது. கசிந்தால் தெரியட்டும் என்றே நாற்றமுள்ள கந்தகச் சேர்மத்தைக் கலக்கிறார்கள். அந்த எச்சரிக்கை இப்போது உங்களை எட்டாது. கசிவைக் காட்டும் அலாரம் வாங்கி மாட்டுங்கள். சிலிண்டர் வாயு காற்றைவிடக் கனமானது, தரையை ஒட்டித் தேங்கும். அலாரமும் தாழ்வாக இருக்க வேண்டும். பால் கெட்டுவிட்டதா என்று வீட்டில் இன்னொருவரை முகர்ந்து பார்க்கச் சொல்லுங்கள். ஆனால் நோய் தரும் கிருமிகள் பல நேரம் எந்த நாற்றமும் தருவதில்லை. சமைத்ததை 2 மணி நேரத்துக்குள் குளிர்ப்பெட்டியில் வைப்பதே நல்ல மூக்கு உள்ளவர்களுக்கும் பாதுகாப்பு.

வாசனை திரும்புமா? பலருக்குத் திரும்புகிறது; சிலருக்கு ஓராண்டுக்கு மேலும் ஆகிறது. முகரும் நரம்பு செல்கள் வாழ்நாள் முழுவதும் புதிதாக முளைப்பவை. அவற்றுக்குப் பயிற்சி கொடுக்கலாம். ஜெர்மனியில் நடத்தப்பட்டு 2009-இல் வெளியான ஆய்வில் ரோஜா, யூகலிப்டஸ், எலுமிச்சை, கிராம்பு ஆகிய 4 மணங்களைத் தினமும் இருவேளை, 12 வாரம் முகர்ந்தவர்களிடம் முன்னேற்றம் தெரிந்தது. எலுமிச்சையும் கிராம்பும் உங்கள் அடுப்படியிலேயே கிடைக்கும். ஒவ்வொன்றையும் மூக்கருகே 20 விநாடி வைத்து, மெதுவாக முகர்ந்து, அதன் பழைய மணத்தை மனதில் கொண்டுவாருங்கள். எதுவுமே தெரியாத நாட்களிலும் விடாதீர்கள். திடீரென்று காபி ரப்பர் எரிவதுபோல் நாறலாம். பயப்பட வேண்டாம், நரம்புகள் தேறி வரும்போது பலருக்கு இப்படி நேர்கிறது.

மூன்று மாதம் ஆகிவிட்டதால் காது மூக்கு தொண்டை மருத்துவரை ஒருமுறை பாருங்கள். மூக்கினுள் சதை வளர்ச்சி, ஒவ்வாமை போன்றவை இருந்தால் மருந்தால் குணம் தெரியும். ஒரு நாசி மட்டும் அடைத்திருந்தாலோ ரத்தம் வந்தாலோ தள்ளிப்போடாதீர்கள். துத்தநாகம் கலந்த மூக்கு மருந்து எதையும் நீங்களாக விட்டுக்கொள்ள வேண்டாம். அது முகரும் நரம்பையே கெடுக்கக்கூடும். எந்த நாளில் எந்த மணம் லேசாகத் தட்டியது என்று ஒரு நோட்டில் குறித்துவைத்து, மருத்துவரிடம் அதைக் காட்டுங்கள்.