மூன்றாவதாக வந்தவனுக்கும் வழி உண்டு: உலகக் கோப்பை கேள்வி பதில்

அல்சூர் பக்கம் கௌதமபுரத்தில் பெலேவுக்குச் சிலை இருக்கிறது. அந்தத் தெருக்களில் பந்து விளையாடி வளர்ந்தவன் நான். இப்போது பையன்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன், ஏரியா டோர்னமெண்டுகளுக்கு ரெஃப்ரியாகவும் போகிறேன். 2026 கால்பந்து உலகக் கோப்பையின் அமைப்பு பற்றி நம் பெங்களூரு ஆட்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

அண்ணா, 32 அணி இருந்தப்போ கணக்கு புரிஞ்சுது. 48 ஆனதும் தலை சுத்துது. எப்படித்தான் கழியுது? (கல்லூரி மாணவி, இந்திரா நகர்)

கழித்தல் கணக்காகவே பாரும்மா. 12 குரூப், ஒவ்வொன்றிலும் 4 அணி. ஒரு குரூப்புக்கு 6 மேட்ச், ஆக 72. அது முடிந்ததும் 32 அணி மிஞ்சும். அதன்பின் தோற்றவர் பெட்டி கட்ட வேண்டியதுதான். மூன்றாம் இடத்துக்கான மேட்சையும் சேர்த்து நாக்-அவுட்டில் 32 மேட்ச். மொத்தம் 104. 2022 கத்தார் உலகக் கோப்பையில் இது 64. கோப்பையைத் தூக்க அன்று 7 மேட்ச் போதும், இப்போது 8 ஆட வேண்டும்.

ஒன்றைக் கவனி. 2022-ல் குரூப் சுற்றின் 48 மேட்ச் 16 அணிகளை வெளியே அனுப்பியது. இப்போது 72 மேட்ச் நடந்தும் வெளியேறுவது அதே 16 அணிதான். குரூப் சுற்றின் காரம் குறைந்துவிட்டது என்று எனக்கு வருத்தம்.

மூணாவது வந்தாலும் உள்ளே போகலாமாமே? எத்தனை பாயிண்ட் எடுத்தா தப்பிக்கலாம்? (ஐ.டி. ஊழியர், ஒயிட்ஃபீல்ட்)

முதல் இரண்டு இடக்காரர்கள் நேராகப் போவார்கள், அது 24. மூன்றாவதாக வந்த 12 அணிகளைத் தனியாக வரிசைப்படுத்தி மேலே உள்ள 8 அணிகளை எடுப்பார்கள். முதலில் பாயிண்ட், பிறகு கோல் வித்தியாசம் (அடித்த கோலில் வாங்கிய கோலைக் கழித்தது), பிறகு அடித்த கோல்.

எத்தனை பாயிண்ட் வேண்டும் என்பதற்கு ஐரோப்பிய நாடுகள் ஆடும் யூரோ கோப்பையைப் பார்க்கலாம். அங்கே 6 மூன்றாம் அணிகளில் 4 போகும், இங்கே 12-ல் 8. விகிதம் ஒன்றுதான். 2016 முதல் 2024 வரை மூன்று யூரோவிலும் 4 பாயிண்ட் எடுத்த மூன்றாம் அணி ஒன்றுகூட வெளியேறவில்லை. 3 பாயிண்ட் என்றால் கோல் வித்தியாசம்தான் காப்பாற்ற வேண்டும். 2016-ல் போர்ச்சுகல் மூன்று மேட்சும் டிரா செய்து 3 பாயிண்டோடு மூன்றாவதாக வந்தது. கடைசியில் கோப்பையே அவர்களுக்குத்தான்.

அதே வருஷம் அல்பேனியாவை நினைத்தால் இன்னும் மனசு கனக்கிறது. முதல் முறையாகப் பெரிய போட்டிக்கு வந்த நாடு. ஜூன் 19 அன்று ருமேனியாவை 1-0 என்று வென்று 3 பாயிண்ட் எடுத்தார்கள். மற்ற குரூப்புகள் முடியும் வரை அவர்களால் செய்ய முடிந்தது காத்திருப்பது மட்டும்தான். மூன்று நாள் கழித்து ஊருக்குக் கிளம்பினார்கள். கடைசியாக ஆடும் குரூப்புக்கு 'இத்தனை கோல் போதும்' என்று தெரியும், முதலில் ஆடி முடித்தவனுக்குத் தெரியாது. 12 குரூப் வரும்போது இந்த அநியாயம் பெரிதாகும். 48 நாடுகள் ஆடுவதை நான் மனதார வரவேற்கிறேன், ஆனால் இந்த ஒரு விஷயத்தை என்னால் ஏற்க முடியவில்லை.

இன்னொன்று: 12 குரூப்பில் எந்த 8 குரூப்பின் மூன்றாம் அணி தேறும் என்பதற்கு 495 விதங்கள் உண்டு. ஒவ்வொரு விதத்துக்கும் யார் யாரோடு மோதுவார்கள் என்று விதிப் புத்தகத்தில் முன்கூட்டியே அட்டவணை போட்டிருக்கிறார்கள். அதனால் கடைசி விசில் வரை சில அணிகளுக்கு அடுத்த எதிராளி யாரென்றே தெரியாது.

குரூப்புல ரெண்டு அணி ஒரே பாயிண்ட் எடுத்தா கோல் வித்தியாசம்தானே மாஸ்டர்? (ஆட்டோ ஓட்டுநர், சிவாஜி நகர்)

கத்தார் வரைக்கும் அப்படித்தான் அண்ணே. 2026-ல் மாற்றிவிட்டார்கள். ஒரே பாயிண்ட் எடுத்த அணிகள் தங்களுக்குள் ஆடிய மேட்சில் யார் ஜெயித்தது என்பதுதான் முதலில். அதிலும் சமம் என்றால் மொத்த கோல் வித்தியாசம், மொத்த கோல், பிறகு மஞ்சள், சிவப்பு அட்டைக் கணக்கு. அதற்கும் மேல் போனால் ஃபிஃபா தரவரிசை.

அட்டைக் கணக்கை லேசாக நினைக்காதீர்கள். 2018-ல் ஜப்பானும் செனகலும் எல்லாவற்றிலும் சமம். ஜப்பானுக்கு 4 மஞ்சள், செனகலுக்கு 6. செனகல் வெளியே. தேவையில்லாமல் சட்டையைப் பிடித்து இழுக்கும் என் பையன்களுக்கு இந்தக் கதையைத்தான் சொல்வேன்.

கடைசி ரெண்டு மேட்சை ஏன்பா ஒரே நேரத்துல வைக்கிறாங்க? வீட்டுல இருக்கறது ஒரு டிவி. அப்பனுக்கும் பிள்ளைக்கும் ரிமோட்டுக்குச் சண்டை. (ஒரு அம்மா, மர்பி டவுன்)

சண்டை போடட்டும் அக்கா, அந்த விதி அவ்வளவு முக்கியம். 1982-ல் ஸ்பெயினில் நடந்ததைச் சொல்கிறேன். அல்ஜீரியா முதல் மேட்சிலேயே மேற்கு ஜெர்மனியை 2-1 என்று வீழ்த்தியது. கடைசி மேட்சில் சிலியையும் ஜெயித்தது. மறுநாள் கிகோன் நகரத்தில் மேற்கு ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் மோதின. ஜெர்மனி ஒன்று அல்லது இரண்டு கோலில் ஜெயித்தால் இரண்டு அணியும் உள்ளே, அல்ஜீரியா வெளியே. இது இருவருக்கும் தெரியும். பத்தாவது நிமிஷம் ஜெர்மனி ஒரு கோல் போட்டது. பிறகு எண்பது நிமிஷம் பந்தைப் பின்னால் பின்னால் தள்ளிக்கொண்டே நேரத்தை ஓட்டினார்கள். 1-0. அடுத்த உலகக் கோப்பையிலிருந்து ஒரு குரூப்பின் கடைசி இரண்டு மேட்சும் ஒரே நேரத்தில் தொடங்குகின்றன.

இந்த வலி எனக்குத் தெரியும். பல வருஷம் முன்பு ஒரு ஏரியா லீக்கில் எங்கள் பையன்கள் காலையிலேயே ஆடி முடித்துவிட்டார்கள். சாயங்காலம் மற்ற இரண்டு டீமும் டிரா செய்தால் போதும் என்ற நிலை. 0-0. ஒரு ஷாட்கூட கோலை நோக்கிப் போகவில்லை. மைதான ஓரத்தில் உட்கார்ந்து பார்த்த பதினைந்து வயசுப் பையன் ஒருவன் அழுததை நான் மறக்கவில்லை.

2026-க்கு முதலில் மூன்று மூன்று அணியாக 16 குரூப் என்றுதான் முடிவெடுத்திருந்தார்கள். அப்படிச் செய்தால் கடைசி மேட்சின்போது ஒரு அணி எப்போதும் சும்மா உட்கார்ந்திருக்கும், கிகோன் திரும்ப வரும். கத்தார் உலகக் கோப்பையில் குரூப் சுற்றின் கடைசி நாட்களில் ஜப்பான் ஸ்பெயினை வென்றதும், கோஸ்டாரிகாவை 4-2 என்று ஜெயித்தும் ஜெர்மனி வெளியேறியதும் எல்லாரையும் யோசிக்க வைத்தது. 2023 மார்ச்சில் நான்கு அணி குரூப்புக்கே திரும்பினார்கள். அது சரியான முடிவு.

அர்ஜென்டினாவும் பிரேசிலும் ஒரே குரூப்புல வருமா? (பள்ளி மாணவன், ஜீவன்பீமா நகர்)

வராது தம்பி. ஒரு குரூப்பில் ஒரு கண்டத்துக்கு ஒரு அணிதான். ஐரோப்பாவுக்கு 16 இடம் இருப்பதால் அவர்களுக்கு மட்டும் ஒரு குரூப்பில் இரண்டு வரை விடுவார்கள்.

நாக்-அவுட்டுல டிரா ஆனா நேரா பெனால்டியா? (மளிகைக் கடைக்காரர், அல்சூர்)

இல்லை, முதலில் 15 நிமிஷம் வீதம் இரண்டு பாதி எக்ஸ்ட்ரா டைம். கோல் போட்டவுடன் மேட்ச் முடியும் பழைய 'கோல்டன் கோல்' இப்போது கிடையாது, அரை மணியும் ஆடியே ஆக வேண்டும். அப்புறமும் சமம் என்றால் ஆளுக்கு 5 பெனால்டி. 2022 இறுதி 3-3, பெனால்டியில் அர்ஜென்டினா 4-2.

48 அணி ஆடியும் இந்தியா ஏன் இல்ல கோச்? ரெஃப்ரி ஏமாத்தினதாலதானே? (13 வயது, ஆஸ்டின் டவுன்)

ஆசியாவுக்கு நேரடியாக 8 இடம், பிளே-ஆஃப் வழியாக இன்னொன்றுக்கு வாய்ப்பு. உஸ்பெகிஸ்தானும் ஜோர்டானும் இந்த முறைதான் முதன்முதலாகத் தகுதி பெற்றன. நாம் இரண்டாம் சுற்றிலேயே நின்றுவிட்டோம். கத்தார், குவைத், ஆப்கானிஸ்தான் நம் குரூப். முதல் இருவர் அடுத்த சுற்றுக்குப் போகலாம்.

2024 ஜூனில் தோஹாவில் நாம் 1-0 என்று முன்னால் இருந்தோம். எல்லைக் கோட்டைத் தாண்டிப் போன பந்தை இழுத்து கத்தார் கோல் போட்டது, ரெஃப்ரி அதைக் கொடுத்தார். 2-1 என்று தோற்றோம். நீ கோபப்படுவது நியாயம்தான், எனக்கும் அன்று தூக்கம் வரவில்லை. ஆனால் கணக்கை நீயே போட்டுப் பார். குவைத் 7 பாயிண்ட் எடுத்து இரண்டாவதாகப் போனது, நமக்கு 5. அதற்கு மூன்று மாதம் முன்பு, மார்ச்சில், குவாஹாத்தியில் நம் சொந்த மைதானத்தில் ஆப்கானிஸ்தானிடம் 2-1 என்று தோற்றோம். அந்த ஒரு மேட்சை ஜெயித்திருந்தால் நமக்கு 8. தோஹாவில் ரெஃப்ரி என்ன செய்திருந்தாலும் நாம் அடுத்த சுற்றில் இருந்திருப்போம்.