கண்ணை மூடிக்கொண்டு ஆடும் மகன்

வணக்கம் ஐயா,

என் மகன் தரம் ஒன்பதில் படிக்கிறான். சதுரங்கப் பைத்தியம். இப்போது விறாந்தையில் அண்ணனும் சிநேகிதனும் ஆளுக்கொரு பலகையோடு இருக்க, இவன் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு பேருக்கும் வாயாலேயே நகர்த்தல் சொல்லி ஆடுகிறான். மாமியார் “மூளை பிசகிவிடும், நிற்பாட்டு” என்கிறா. ஆசிரியர் ஒருவர், “படம் பிடித்த மாதிரி ஞாபகம், அதைப் படிப்பில் திருப்புங்கோ” என்கிறார். நான் என்ன செய்ய?

ஒரு தாய், உவர்மலை, திருகோணமலை

அன்புள்ள சகோதரிக்கு,

நிற்பாட்ட வேண்டாம்.

மாமியின் பயம் பழைய பயம்தான். உடம்புக்குக் கேடு என்று 1930இல் சோவியத் ஒன்றியமே இத்தகைய காட்சி ஆட்டங்களைத் தடை செய்தது. 1902இல் மாஸ்கோவில் பார்க்காமலே 22 பலகைகளில் ஆடிய அமெரிக்கச் சதுரங்க வீரர் பில்ஸ்பரி 33 வயதில் இறந்தபோது பழி இந்த ஆட்டத்தின் மேல் விழுந்தது. அவரைக் கொண்டுபோனது சிபிலிஸ் நோய். 1937இல் எடின்பரோவில் 34 பலகைகள் ஆடிய கோல்டனோவ்ஸ்கி 96 வயது வரை வாழ்ந்தார். 2016இல் லாஸ் வேகஸில் திமூர் கரேயெவ் 48 பலகைகளை, உடற்பயிற்சி சைக்கிளை மிதித்தபடி, ஏறக்குறைய 20 மணி நேரம் ஆடினார். அந்தக் களைப்பு பெரியதுதான். விறாந்தையில் இரண்டு பலகைக்கு அது வராது.

ஆசிரியர் சொன்னதுதான் எனக்கு அதிகம் உறுத்துகிறது. பிரெஞ்சு உளவியலாளர் அல்ஃப்ரெட் பினே இந்த ஆட்டக்காரர்களை விசாரித்து 1894இல் ஒரு நூல் எழுதினார். வலிமையான ஆட்டக்காரர் பலர் மனதில் பலகையின் நிறத்தையோ காயின் வடிவத்தையோ காண்பதில்லை. எந்தக் காய் எதைத் தாக்குகிறது, எதைக் காக்கிறது என்பதையே உணர்கிறார்கள். பின்னர் 1973இல் சேஸ், சைமன் என்ற இருவரின் ஆய்வும் இதையே காட்டியது. நிஜ ஆட்டத்தின் நிலையைச் சில விநாடி காட்டினால் வல்லவர்கள் பெரும்பகுதியைத் திருப்பி அடுக்குகிறார்கள். அதே காய்களைக் கண்டபடி இறைத்துக் காட்டினால் அந்த வல்லமை ஏறத்தாழ மறைந்துவிடுகிறது. உங்கள் மகனிடம் இருப்பது விளங்கிக்கொள்ளும் திறன். நம் ஊரில் ஞாபகம் என்றாலே பரீட்சைக்குப் பாடமாக்குவது என்று நினைக்கிறோம். எனக்கு அது பெரிய மனக்குறை. ஒரே நேரத்தில் நூறு விஷயங்களில் கவனம் வைத்துக் காட்டும் சதாவதானிகள், புலோலி கதிரைவேற்பிள்ளை போன்றவர்கள், இருந்த மண் இது. அந்த அவதானக் கலையில் சதுரங்கமும் ஓர் அங்கமாக இருந்திருக்கிறது.

பலகைகள் கூடும்போது வரும் சிக்கல் வேறு: ஒரு ஆட்டம் இன்னொன்றோடு கலந்துவிடும். அதனால்தான் பெரிய ஆட்டக்காரர்கள் பலகைகளைக் குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவையும் வெவ்வேறு தொடக்கத்தோடு ஆரம்பிக்கிறார்கள். மகனிடமும் சொல்லுங்கள்: ஒன்றில் ராஜாவின் சிப்பாய், மற்றதில் ராணியின் சிப்பாய்.

நய்டோர்ஃப் என்ற சதுரங்க வீரரைப் பற்றியும் அவனுக்குச் சொல்லுங்கள். போலந்து யூதர். 1939இல் போட்டிக்காக புவெனஸ் அயர்ஸ் போயிருந்தபோது போர் மூண்டது. அங்கேயே தங்கிவிட்டார், குடும்பம் போலந்தில். பார்க்காமலே 1943இல் ரொசாரியோவில் 40 பலகைகள், 1947இல் சாவோ பாவுலோவில் 45. சாதனைச் செய்தி எந்தப் பத்திரிகை வழியாகவாவது ஊரில் உயிரோடிருக்கும் உறவினர் கண்ணில் படாதா என்பதுதான் அவரது நோக்கம். யாரிடமிருந்தும் பதில் வரவில்லை. காணாமல் போனவர்களின் செய்திக்காக இன்னும் வாசலைப் பார்த்திருக்கும் நம் மாவட்டத்துப் பிள்ளைக்கு, இந்த ஆட்டத்தின் சரித்திரத்தில் முதலில் தெரியவேண்டியவர் அவர் என்று நினைக்கிறேன்.

மூன்று விஷயம் மட்டும் பாருங்கள். விருந்தாளி வரும்போதெல்லாம் “ஆடிக் காட்டு” என்று கேட்காதீர்கள். பலகையைப் பார்த்து, தன்னைவிட வலியவர்களோடு ஆடும் நேரம் இதைவிட அதிகமாக இருக்கட்டும். இந்தத் திறன் அங்கேதான் விளைகிறது. படுத்த பிறகும் ஆட்டம் தலைக்குள் ஓடித் தூக்கம் கெட்டால் சில நாள் விட்டுப்பிடிக்கலாம்.

மூன்றாவது பலகைக்கு ஆள் வேண்டுமென்றால் எழுதுங்கள். நான் உப்புவெளியில்தான் இருக்கிறேன், ஞாயிறு பின்னேரம் வரலாம்.