மணலில் இறங்குவதற்கு முன்

கேள்வி: ஷார்ஜாவில் நாங்கள் மூன்று நண்பர்கள், குடும்பத்தோடு இருக்கிறோம். போன மாதம் பழைய பஜேரோ ஒன்று வாங்கினேன். ஒரு நண்பரிடம் ஃபார்ச்சூனர், இன்னொருவரிடம் டூ-வீல் டிரைவ் (இரண்டு சக்கரம் மட்டும் இழுக்கும்) டஸ்டர். இந்தக் குளிர்காலத்தில் பாலைவனத்துக்குள் போய் ஒரு ராத்திரி டென்ட் போட்டுத் தங்க ஆசை. யாருக்கும் மணலில் ஓட்டிப் பழக்கமில்லை. வண்டியில் என்ன மாற்ற வேண்டும், என்ன வாங்க வேண்டும், எங்கே போகலாம்?

பதில்: வண்டியில் எதையும் மாற்ற வேண்டாம். பஜேரோவும் ஃபார்ச்சூனரும் கம்பெனியிலிருந்து வந்தபடியே மணலுக்குப் போதும். மாற்ற வேண்டியது உங்கள் திட்டத்தைத்தான். முதல் தடவை மணலில் ஓட்டுவதையும் முதல் தடவை ராத்திரி தங்குவதையும் ஒரே நாளில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

பதினாறு குளிர்காலமாக நண்பர்களோடு மணலுக்குள் போய் வருகிறேன். ஆரம்பத்தில் இருந்தவர்களில் பாதிப் பேர் ஊருக்குத் திரும்பிவிட்டார்கள், புதியவர்கள் வந்திருக்கிறார்கள். இத்தனை வருஷத்தில் நான் பார்த்த மோசமான சம்பவங்கள் பெரும்பாலும் மாலை நாலு மணிக்கும் ஆறு மணிக்கும் நடுவில் நடந்தவை. இருட்டுவதற்குள் டென்ட் போட இடம் பிடிக்க வேண்டும் என்ற அவசரம், மேலே கேரியரில் கட்டிய மூட்டை, பின் சீட்டில் குழந்தைகள். புதிதாக ஓட்டுபவருக்கு இதில் ஒன்றே அதிகம். அதனால் முதலில் மூன்று தடவை பகலில் மட்டும், குழந்தைகள் இல்லாமல் போங்கள். காலை ஏழு மணிக்கு மணலில் இருந்து பதினொன்றுக்குத் தார் ரோட்டுக்கு வந்துவிடுங்கள். நாலாவது தடவை தங்கலாம். நவம்பரில் ஆரம்பித்தால் ஜனவரிக்குள் தயாராகிவிடுவீர்கள், மார்ச் வரை சீசன் இருக்கிறது.

இனி காற்று. மணல் ஓட்டத்தில் முக்கால்வாசி இதுதான். ரோட்டில் உங்கள் டயரில் காற்றழுத்தம் 32 முதல் 35 பி.எஸ்.ஐ. வரை இருக்கும். அப்படியே மணலில் இறங்கினால் டயர் கத்தி மாதிரி உள்ளே போகும். 15க்கு இறக்குங்கள். காற்று குறைந்தால் டயர் அகலமாகும் என்று பலர் நினைக்கிறார்கள். அகலம் கொஞ்சம்தான் கூடும். உண்மையில் தரையில் படிகிற தடம் நீளவாக்கில் நீள்கிறது, வண்டியின் பாரம் அந்த நீளத்தில் பரவுகிறது. ஒட்டகத்தின் பாதத்தைப் பக்கத்தில் பார்த்தவர்களுக்கு இது விளங்கும்.

இதைக் கையால் செய்து பழகுங்கள். தார் ரோடு முடிகிற இடத்தில் வண்டியை நிறுத்தி, வால்வு மூடியைக் கழற்றி, நடுவிலுள்ள சின்ன ஊசியைச் சாவி முனையால் அழுத்துங்கள். சீறிக்கொண்டு வரும் காற்று கட்டைவிரலில் சில்லென்று படும். ஒரு டயருக்கு இரண்டு மூன்று நிமிடம் ஆகும். அளந்து பாருங்கள், மறுபடி அழுத்துங்கள், மறுபடி அளங்கள். 15 வரும்போது டயரின் பக்கச் சுவர் தரைக்குப் பக்கத்தில் லேசாகப் பிதுங்கி நிற்கும். அந்தப் பிதுக்கம் கண்ணுக்குப் பழகிவிட்டால் பிறகு பார்த்தே ஓரளவு சொல்லிவிடலாம். அரை மணி நேரம் ஓட்டிய பிறகு மறுபடி அளந்தால் சூட்டில் இரண்டு மூன்று பி.எஸ்.ஐ. ஏறியிருக்கும், அதையும் இறக்கிவிடுங்கள். புதைந்துவிட்டால் 12, அப்படியும் வராவிட்டால் 10. அதற்குக் கீழே போனால், திருப்பத்தில் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். குறைந்த காற்றில் ஸ்டியரிங்கை வெடுக்கென்று திருப்பவே கூடாது.

வண்டியை ஃபோர் வீலில் போட்டு, பஜேரோவில் நடு டிஃபரன்ஷியல் லாக் ஆகும் (முன், பின் அச்சுகள் ஒரே வேகத்தில் சுற்றும்) நிலைக்குக் கொண்டுவாருங்கள். டிராக்‌ஷன் கன்ட்ரோலை அணைத்துவிடுங்கள். சக்கரம் கொஞ்சம் சுழன்றாலும் அது எஞ்சினின் பலத்தைக் குறைத்துவிடும், மணலில் அந்தக் கொஞ்சச் சுழற்சி நமக்கு வேண்டும்.

பிரேக்கை மறந்துவிடுங்கள். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலே மணல் வண்டியை நிறுத்திவிடும். பிரேக் மிதித்தால் முன் சக்கரத்துக்கு முன்னால் மணல் குவிந்து ஒரு படிக்கட்டு மாதிரி நிற்கும், பிறகு கிளம்பும்போது அதில் ஏற முடியாமல் தோண்டிக்கொள்ளும். எங்கே நிறுத்தினாலும் வண்டியின் மூக்கு இறக்கத்தைப் பார்த்திருக்கட்டும். எங்கள் கூட்டத்தில் புதிதாக வருபவருக்கு முதல் நாள் முழுக்க இதை மட்டுமே சொல்லித் தருவோம்.

மணற்குன்றுக்கு இரண்டு முகம் உண்டு. காற்று வரும் பக்கம் சாய்வாக ஏறும், மணல் இறுகியிருக்கும். மறுபக்கம் 32, 34 டிகிரி வரை செங்குத்தாக விழும், அங்கே மணல் பஞ்சு மாதிரி. முகட்டை நேராக, குறுக்கே கடக்க வேண்டும். மேலே வந்ததும் வேகத்தை விட்டு, மூக்கு கீழே சாயும்வரை பொறுத்து, நேராக இறங்க வேண்டும். சாய்வில் பக்கவாட்டில் போகும்போது பின்பக்கம் சரிவது தெரிந்தால், ஸ்டியரிங்கைப் பள்ளத்தின் பக்கம் திருப்பி ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் கொடுங்கள். மேட்டுப் பக்கம் திருப்பச் சொல்லிக் கை துடிக்கும். கேட்காதீர்கள், வண்டி உருள்வது அப்போதுதான்.

நேரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். காலையில் பனி ஈரத்தில் மேல் மணல் கொஞ்சம் கெட்டியாக இருக்கும். அதைவிடப் பெரிய லாபம் நிழல். சூரியன் சாய்வாக இருந்தால் ஒவ்வொரு பள்ளத்துக்கும் கறுப்பாக ஒரு ஓரம் தெரியும். உச்சி வெயிலில் எல்லாம் ஒரே ஆரஞ்சு விரிப்பாகிவிடும். 2014இல் ஒரு மதியம் எனக்கு முன்னால் போன நண்பர், சமதளம் என்று நினைத்து ஒரு ஆள் ஆழக் குழிக்குள் வண்டியை விட்டார். முன் பம்பர் மடங்கி, ரேடியேட்டர் உடைந்து, அவர் மனைவியின் மணிக்கட்டு எலும்பு முறிந்தது. மெதுவாகத்தான் போய்க்கொண்டிருந்தார். நான் பத்து மீட்டர் பின்னால் இருந்தேன், எனக்கும் அந்தக் குழி தெரியவில்லை. பதினொன்றுக்கு வெளியே வரச் சொன்னதற்குக் காரணம் அதுதான்.

புதைவீர்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. சக்கரம் சுற்றியும் வண்டி நகரவில்லை என்று தெரிந்ததும் காலை எடுங்கள். ஒவ்வொரு சுற்றும் இன்னும் கொஞ்சம் ஆழம். ரிவர்ஸ் போட்டு, வந்த தடத்திலேயே பின்னால் வரப் பாருங்கள், பாதி நேரம் அதுவே போதும். இல்லையென்றால் இறங்கி, சக்கரங்களுக்கு முன்னாலும் வயிற்றுக்கு அடியிலும் மணலை அள்ளிவிட்டு, காற்றை இன்னும் இறக்கி முயலுங்கள். கயிறு கடைசியில்தான்.

கயிறு என்றால் இழுபட்டு நீளும் ரெக்கவரி ஸ்ட்ராப். அதை மாட்டும் இடம் வண்டியின் சேஸிஸோடு சேர்ந்த கொக்கியாக இருக்க வேண்டும். டிரெய்லர் மாட்டும் உருண்டையில் ஒருபோதும் மாட்டாதீர்கள். வேறொரு கூட்டம் அப்படி மாட்டி இழுத்ததை ஒரு முறை நேரில் பார்த்தேன். உருண்டை முறிந்து பறந்து, புதைந்திருந்த வண்டியின் முன் கண்ணாடியைத் துளைத்து, யாரும் உட்காராத பக்கத்துச் சீட்டில் செருகி நின்றது. ஓட்டுநருக்கு ஒரு கீறலும் இல்லை, ஆனால் வெகுநேரம் வண்டியைவிட்டு இறங்கவில்லை. இப்படிப் பறந்த உருண்டையால் உலகத்தில் பல பேர் செத்திருக்கிறார்கள். கயிறு இழுபடும்போது அதன் நீளத்தில் ஒன்றரை மடங்கு தூரத்துக்கு யாரும் நிற்கக் கூடாது. கயிற்றின் நடுவில் ஒரு கனமான ஜமுக்காளத்தைப் போட்டுவிடுங்கள், அறுந்தாலும் வீச்சு குறையும்.

டஸ்டரைப் பற்றி நேராகவே சொல்கிறேன். டூ-வீல் வண்டி தார் ரோட்டின் ஓரத்தில் நிற்கட்டும். அந்த நண்பர் குடும்பத்தை மற்ற இரண்டு வண்டியில் ஏற்றிக்கொள்ளுங்கள். இடம் போதாவிட்டால் சாமானைக் குறையுங்கள். "கொஞ்ச தூரம்தானே, வந்துவிடும்" என்று அவரே சொல்வார். மூன்றாவது குன்றில் அவரை இழுக்கத்தான் உங்கள் நாள் முழுக்கப் போகும், அவருக்கும் மனசு கஷ்டமாகிவிடும்.

ஆக, உங்களிடம் இரண்டு வண்டிதான். ஒரு வண்டியோடு உள்ளே போகவே கூடாது, இரண்டு என்பது குறைந்தபட்சம், மூன்று இருந்தால் நிம்மதி. முதல் மூன்று பயணத்துக்கும் அனுபவமுள்ள ஒருவரை முன்னால் ஓட்டச் சொல்லுங்கள். முன்னால் போகிறவர் வழி பார்ப்பார், கடைசியில் வருகிறவர் யாரும் விடுபடாமல் பார்ப்பார். நடுவில் இருப்பவர், பின்னால் வரும் வண்டி கண்ணாடியில் தெரியாவிட்டால் உடனே நிற்க வேண்டும். முன்னால் போன வண்டி முகட்டைத் தாண்டி, கீழே நகர்ந்துவிட்டது என்று தெரிந்த பிறகே அடுத்தவர் ஏற வேண்டும். இன்னொன்றும் நாங்கள் வைத்திருக்கிறோம்: யாராவது ஒருவர் "போதும், திரும்பலாம்" என்றால் திரும்பிவிடுவோம், காரணம் கேட்கமாட்டோம். பெரும்பாலும் அதைச் சொல்வது ஓட்டுபவரின் மனைவி. அவர் சொன்னது தப்பாக இருந்ததாக எனக்கு நினைவில்லை.

வாங்க வேண்டியவை கொஞ்சம்தான். பேட்டரியில் மாட்டும் நல்ல கம்ப்ரஸர், பிரஷர் கேஜ், ஷவல், ஸ்ட்ராப், அதை மாட்ட இரண்டு ஷேக்கிள் (இரும்பு வளையம்), ஜாக்கிக்கு அடியில் வைக்க ஒரு கனமான பலகை (இல்லாவிட்டால் ஜாக்கி மணலுக்குள் போய்விடும்), தீயணைப்பான், முதலுதவிப் பெட்டி, வாக்கி டாக்கி. வண்டியின் கூரையைத் தாண்டி உயர்ந்து நிற்கும் கொடி கட்டாயம். குன்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வருபவருக்கு முதலில் தெரிவது அதுதான். தண்ணீர் ஆளுக்குப் பத்து லிட்டர். டேங்க் நிறைய பெட்ரோல், மணலில் ரோட்டைவிட இரண்டு மடங்கு குடிக்கும். இன்ஷூரன்ஸ் பாலிசியில் ரோட்டுக்கு வெளியே ஓட்டுவதற்குப் பாதுகாப்பு உண்டா என்று எடுத்துப் படித்துவிடுங்கள்.

இடம்: உங்களுக்குப் பக்கம் மலீஹா. சின்னக் குன்றுகள் நிறைய, திரும்பிப் பார்த்தால் ஃபாசில் ராக் என்ற பாறை மலை தெரியும், வழி தவறுவது கஷ்டம். ஆனால் அங்கே ஃபாயா நிலப்பரப்பு 2025இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்திருக்கிறது. வேலி, அறிவிப்புப் பலகை எதைப் பார்த்தாலும் அதற்கு அப்பால் போகாதீர்கள். ஹத்தா ரோட்டில் பதாயரில் உள்ள பிக் ரெட் என்ற பெரிய மணற்குன்று பிரபலம்தான், ஆனால் விடுமுறை மாலைகளில் வாடகை பக்கிகள் (மணலில் ஓட்டும் சின்ன திறந்த வண்டிகள்) எந்த முகட்டிலிருந்து எகிறி வரும் என்று தெரியாது. புதியவர்களுக்கு வேண்டாம். லிவாவும் மொரீப் குன்றும் இரண்டு மூன்று சீசன் கழித்து. அது ருபுல் காலி என்ற பெரும் பாலைவனத்தின் விளிம்பு, தாழ்ந்த இடங்களில் சப்கா என்ற உப்புத் தரை இருக்கும். மேலே காய்ந்த தோல், உள்ளே சேறு. அதில் இறங்கிய வண்டியை ஒரு ஸ்ட்ராப்பால் எடுக்க முடியாது.

சரி, தங்கும் ராத்திரி. சூரியன் மறைய இரண்டு மணி நேரம் இருக்கும்போதே இடம் பார்த்து நிறுத்திவிடுங்கள். ரோட்டிலிருந்து ஒரு கிலோமீட்டர் உள்ளே போனால் போதும். டென்டுக்கும் குன்றுக்கும் நடுவில் வண்டிகளைச் சுவர் மாதிரி நிறுத்துங்கள், ராத்திரி வேறு யாராவது குன்று மேலிருந்து இறங்கினாலும் டென்டுக்குள் வரமாட்டார்கள். மலைப் பக்கம் வாதிகளில் (மழை பெய்தால் மட்டும் ஓடும் ஆற்றுப் பள்ளங்களில்) டென்ட் வேண்டாம். மழை எங்கோ பெய்து, வெள்ளம் இங்கே வரும். மழைநேரத்தில் வாதிப் பக்கம் கூடி நின்றாலே 1,000 திர்ஹம் அபராதம், ஓடுகிற வாதிக்குள் வண்டியை விட்டால் 2,000 திர்ஹம், லைசென்ஸில் 23 கறுப்புப் புள்ளி, வண்டி 60 நாள் பறிமுதல்.

நெருப்பு வேண்டுமென்றால் காலுள்ள இரும்புச் சட்டியில் மூட்டுங்கள். விறகைக் கடையில் வாங்கிப் போங்கள், காஃப் மரத்தில் ஒரு குச்சியைக்கூட ஒடிக்காதீர்கள், அது இந்த நாட்டின் தேசிய மரம். தணலை மணல் போட்டு மூடுகிற பழக்கம் பலருக்கும் உண்டு, எங்களுக்கும் இருந்தது. ஒரு ஜனவரியில் அப்படி மூடிவிட்டுத் தூங்கினோம். காலையில் நண்பரின் ஐந்து வயது மகள் வெறுங்காலோடு அந்த இடத்தில் ஓடினாள். மேலே மணல் குளிர்ந்திருந்தது, நாலு விரல்கடை கீழே கங்கு அப்படியே இருந்தது. இரண்டு உள்ளங்காலும் கொப்பளித்துவிட்டன. அன்றிலிருந்து தணலில் தண்ணீர் ஊற்றி, கையால் தொட்டுப் பார்த்து, பையில் அள்ளி வீட்டுக்கே கொண்டுவருகிறோம். குளிருகிறது என்று கரி அடுப்பை டென்டுக்குள் மட்டும் கொண்டுபோகாதீர்கள். கார்பன் மோனாக்ஸைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே உயிர் போய்விடும்.

ராத்திரி பனி நீங்கள் நினைப்பதைவிட அதிகமாக விழும். செருப்பு, துணி எல்லாவற்றையும் உள்ளே வையுங்கள், காலையில் ஷூவைத் தட்டிவிட்டுப் போடுங்கள், தேள் இருக்கலாம். பிளாஸ்டிக் பை ஒன்றுகூடப் பறக்கக் கூடாது. ஒட்டகம் தின்றுவிடும், அது வயிற்றில் கட்டியாகத் திரண்டு கொன்றுவிடும். டிசம்பர், ஜனவரியில் காலையில் மூடுபனி இறங்கினால், அது விலகும்வரை வண்டியைக் கிளப்பாதீர்கள். இன்னொரு டீ போடுங்கள். நீங்கள் நிற்கும் இடத்தின் ஜி.பி.எஸ். எண்களை முந்தின நாளே ஊரில் இருக்கும் ஒருவருக்கு அனுப்பி, எத்தனை மணிக்குள் நீங்கள் கூப்பிடாவிட்டால் அவர் 999க்கு அழைக்க வேண்டும் என்றும் சொல்லிவைத்திருங்கள்.

தார் ரோட்டுக்கு வந்ததும், வீட்டுக்குப் போகிற அவசரத்தில் 15 பி.எஸ்.ஐ.யோடு ஹைவேயில் ஏறிவிடாதீர்கள். அந்த வேகத்தில் டயர் சூடேறி வெடிக்கும். கம்ப்ரஸரை எடுத்து நாலு டயரையும் நிரப்பி, டஸ்டரில் வந்த நண்பரின் வண்டி கிளம்புகிறதா என்று பார்த்துவிட்டு, எல்லோரும் ஒன்றாகப் புறப்படுங்கள்.